காளை முகத்தில் அப்பா மீசை

பிள்ளைகளா, நான் கல்யாண மண்டபங்களில் எல்.இ.டி. ஸ்கிரீன் ஓட்டுகிறவன். செக்காலையில் கடை. படிப்பு எட்டோடு சரி. வீடியோ எப்படி ஓடுதுன்னு எனக்குப் புரிய வைத்தது ஒரு காளை.

தேவகோட்டையில் ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பாவுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. வாழ்த்திப் பேசி வீடியோ அனுப்பியிருந்தார். பொண்ணு கண்டிஷனாகச் சொல்லிவிட்டது: "எங்கப்பா பேசுன பெறகுதான் தாலி."

தாய்மாமன் பென்டிரைவ் கொடுத்தார். அதில் வீட்டு மஞ்சுவிரட்டுக் காளை வீடியோ முதலில், அப்பா பேச்சு அடுத்து. ரெண்டையும் போனிலேயே ஒட்டியிருந்தார். "அப்பா பேச்சுல முன்னாடி கொஞ்சம் வேண்டாதது. வெட்டிட்டேன். போடுங்க தம்பி."

போட்டேன். காளை வந்தது. பிறகு அப்பா குரல் வந்தது, முகம் வரவில்லை. காளை முகம் அப்படியே நின்றது. அதன் மேல் மீசை மட்டும் ஆடியது.

"ஆத்தா, நல்லா இருக்கணும்" என்றது காளை.

"சம்பந்தி கொம்போட வந்திருக்காக!" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். மண்டபமே சிரித்தது. பொண்ணு சிரிக்கவில்லை. நிறுத்தினேன்.

விஷயம் இதுதான். வீடியோ என்பது வரிசையாகப் படங்கள். எல்லாவற்றையும் முழுசாக வைத்தால் பென்டிரைவ் தாங்காது. அதனால் முதலில் ஒரு முழுப் படம். கீ ஃபிரேம் என்பார்கள். பிறகு மாறினது மட்டும் குறிப்பாக இருக்கும். மீசை அசைந்தது, கண் மூடியது. சட்டை அசையவில்லையா, சட்டையைப் பற்றிப் பேச்சே கிடையாது. மிஷினுக்குள் உட்கார்ந்து குறிப்பைப் படித்து, கையில் இருக்கிற படத்து மேலேயே திருத்தி வரைகிறவர்தான் டிகோடர். வேகமான ஆள். யோசிக்க மாட்டார். மாமன் வெட்டினதில் அப்பாவோட முழுப் படம் போய்விட்டது. டிகோடர் கையில் இருந்தது காளை. அதுக்கே மீசை வரைந்துவிட்டார்.

"வெட்டாதது இருக்கா?" என்றேன் மாமனிடம்.

"போன்ல இருக்கு. அது வேண்டாம் தம்பி. ஒரு மாதிரி இருக்கும்."

"அண்ணே, அதையே போடுங்க" என்றது பொண்ணு.

சரியாக வெட்ட நேரமில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. முழுசாகப் போட்டேன். முகம் பளிச்சென்று வந்தது. இன்னும் ரெக்கார்டு ஆகவில்லை என்று நினைத்து, அப்பா பக்கத்து ஆளிடம் கேட்டார்: "டேய், கண்ணு செவந்திருக்காடா? புள்ள பாத்தா கண்டுபிடிச்சிரும்." துண்டால் துடைத்தார். சிரித்துப் பார்த்தார், வரவில்லை. மறுபடி சிரித்தார். பிறகுதான் வாழ்த்தினார்.

பொண்ணு ஸ்கிரீனைப் பார்த்து, "செவந்துதான்ப்பா இருக்கு" என்றது. அப்புறம் கெட்டிமேளம்.

பிள்ளைகளா, வீடியோவுக்குத் தலையை வெட்டாதீக. முகம் அங்கதான் இருக்கு.