பத்தாம் வகுப்பு பி பிரிவின் இரண்டாவது படம்

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்குப் பொறுப்பாசிரியர் என் சித்தி. வீட்டில் சித்தி, கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டினால் மிஸ். ஏழாம் வகுப்பிலேயே என்னை மலர்க் குழுவில் சேர்த்துக்கொண்டதற்கு உறவு காரணமில்லை என்று இன்றும் நம்புகிறேன். நான் எதற்கும் பட்டியல் போடுகிற பெண். வகுப்புப் படங்களில் யார் எந்த வரிசையில், இடமிருந்து எத்தனையாவது ஆள் என்று குறித்துவைப்பது என் வேலை.

பத்தாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்திரண்டு பேர். படமெடுத்த அன்று ஓர் அக்காவுக்கு அம்மை போட்டிருந்ததால் வரவில்லை. பட்டியலில் பெயர் இருந்து படத்தில் ஆள் இல்லாதது என்னை உறுத்தியது. அவளுடைய பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கணினியில் வட்டமாக வெட்டி, வகுப்புப் படத்தின் மேல்மூலையில் வைத்தேன். எடுப்பாகத் தெரியட்டும் என்று மெல்லிய கறுப்பு ஓரமும் கொடுத்தேன்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் தன் பெயரைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது சித்தியின் சட்டம். அதன்படி அந்த அக்காவின் தெருவில் இருந்த ஒரு மாணவியிடம் ஒரு நகல் கொடுத்தனுப்பினேன். முதலில் சித்தியிடம் காட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் கம்பெனியில் போடும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளுடைய அம்மா தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார். பின்னால் அந்த அக்கா. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, ஆனாலும் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். சித்தியையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

“இன்னா சார் இது? கண்ணீர் அஞ்சலி பேனர்ல போடறா மாதிரி போட்டு வச்சிகிறீங்க! பரீட்சை எழுதப் போற பொண்ணு சார். உசுரோட கீறா, பாருங்க!”

“எடுத்துடறோம்மா” என்றார் தலைமையாசிரியர்.

“எடுத்துட்டா நான் எங்க இருப்பேன்?” என்றது துப்பட்டா. “எல்கேஜிலேர்ந்து இங்கதான சார் படிக்கிறேன்.”

“நீ சும்மா இருடி.”

தலைமையாசிரியர் கறுப்பு ஓரத்தை விரலால் தொட்டார். “யார் செஞ்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார். “நான்தான் சார்.” பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “நாளைக்கு ஹால் டிக்கெட் வாங்க மொத்த கிளாசும் வரும்மா. உங்க பொண்ண நடுவுல நிக்க வச்சுப் புதுசா எடுத்துர்றேன்.”

“லீவுல கீற புள்ளைங்க, சொன்னா நிக்குமா?”

“நிக்கும்.”

அன்று மாலையே சித்தி நாற்பத்தொரு வீட்டுக்கும் போன் செய்தார். காலையில் மைதானத்தில் என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கட்டியால் தரையில் எண்கள் எழுதினார். நடுவரிசையில் ஓர் எண் மட்டும் புதிது. ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து தத்தம் எண்ணில் ஏறி நின்றார்கள். கலர் சட்டையில் வந்த ஒருவனுக்கு ஒன்பதாம் வகுப்புப் பையனின் சட்டை கழற்றித் தரப்பட்டது. பொத்தான் எட்டவில்லை. சித்தி அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினார்.

அந்த அக்கா மட்டும் துப்பட்டாவை விடவில்லை. பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தாள். “இன்னாடி முக்காடு? இன்னிக்கு ஹீரோயினே நீதான், எறக்குடி.” துப்பட்டா இறங்கியது; சிரிப்பு அடங்குவதற்குள் கேமரா சொடுக்கியது. அவள் அம்மா தன் செல்லிலும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

சித்தி ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. நான் வாய் பிளந்து நின்றேன். இப்போது ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன்; அத்தனை பேர் அவ்வளவு சத்தமில்லாமல் தத்தம் இடத்துக்குப் போய் நின்றதை அதன்பின் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒன்று மனதில் குத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் புகார் சொன்னேன். “ரவுண்டு போட்டது நான்மா. சித்தி அதப் பாக்கவே இல்ல. தான் செஞ்சதா ஹெட்மாஸ்டர்கிட்ட பொய் சொல்லிட்டாங்க.”

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த காயை எடுத்தார்.

ஒரு வாரம் நான் சித்தியிடம் சரியாகப் பேசவில்லை. அவர் உண்மையைச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரிந்திருந்தது.