ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர்

நீங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது நான் வாங்கிய புது வேனை கம்பெனி ஷெட்டுக்குப் போகாமல் நம்மூர் ஆம்பூர் மெக்கானிக்கிடமே சர்வீஸுக்கு விட்டேன். கம்பெனி ஆயில் போட்டு பில் வைத்திருந்தால் வாரண்டி போகாது என்று விசாரித்துத்தான் விட்டேன். வருஷம் முடிவதற்குள் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. அது ஓடினால்தான் நம் வீட்டில் சோறு.

வேலூர் கம்பெனி ஷெட்டில் இருந்தவர் பில்களைப் பார்த்தார். "வெளிய பண்ணதுல தப்பில்லண்ணே" என்றவரின் முகம், ரேடியேட்டரைக் கழற்றியதும் மாறியது. உள்ளே முழுக்க அரித்திருந்தது.

"இன்னா தண்ணி ஊத்துனீங்க?"

"வூட்டுக் கிணத்துத் தண்ணிதான்."

"தோல் பேக்டரி பக்கத்துலயா? கழிவு எறங்குன தண்ணி, அப்ப வாரண்டி வராதுண்ணே. இரும்பையே தின்னுட்டிருக்கு பாருங்க."

அன்று காலையும் நீங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள்.