வாழைநாரில் ஒரு ஷூ லேஸ் முடிச்சு

சாமி இருக்கிறதா இல்லையா என்பதை ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவிலேயே நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். பூஜை அலமாரி முன்னால் நின்று, "நீ இருந்தா இப்பவே ஃபேனை நிறுத்து பாக்கலாம்" என்று சவால் விட்டேன். ஃபேன் நின்றுவிட்டது. வெலவெலத்துப் போனேன். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தால் மணி பத்து. அந்த வருடங்களில் கோயமுத்தூரில் கரண்ட் போவதற்குச் சாமியின் தயவு தேவைப்படவில்லை. தினமும் பத்துக்குப் போய்ப் பன்னிரண்டுக்கு வரும். பதினொன்றரைக்கு மறுபடி போய், "சரி, இப்ப ஓட விடு" என்றேன். ஓடவில்லை. அத்தோடு முடிவுக்கு வந்துவிட்டேன். அப்பா காலையில் பூசிவிடும் திருநீற்றை ஸ்கூல் பஸ் ஏறுவதற்கு முன் துடைத்துவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் உதை விழும்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துகொள்வாள். நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றும், தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்து, முதல் காரியமாக வெள்ளகோவிலில் இருந்த பெரியப்பாவுக்குப் போன் செய்தார்.

பெரியப்பா மறுநாளே வந்து இறங்கினார். எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, குலசாமியிடம் பூக் கேட்காமல் நடக்காது. ஒரு செந்நிறப் பூவையும் ஒரு வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். வயதுக்கு வராத பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. நான் பிறப்பதற்கு முன்னால் அத்தைக்கு ஒரு ஆபரேஷன் நடந்ததாம். அவசரத்தில் பூக் கேட்கவில்லை. அத்தை உயிரோடு வீட்டுக்கு வரவில்லை.

"கூடப் பொறந்தவள, சாமியக் கேக்காமப் போயி அறுத்துத்தானே வாரிக் குடுத்தோம்? இன்னொருக்கா அந்தத் தப்பப் பண்ணோணுமா?" என்றார் பெரியப்பா.

"டாக்டரு தள்ளிப்போடாதீங்கங்கறாருங்ண்ணா. செவப்பு வந்துதுன்னா?"

"வந்தா அடுத்த வருசந்தான். அது வரைக்கும் மாத்திரையில ஓட்டு."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் வரைக்கும் அம்மா எந்தப் படியில் உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். அம்மாவோ சமையலறையில் ஒன்றும் நடக்காதது மாதிரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாய்ப்பு பாதிக்குப் பாதி. டாஸ் போட்டுத்தான் அம்மாவைக் காப்பாற்றப் போகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட மோசம், டாஸ் போடப் போகிற கை என்னுடையது. குடும்பத்தில் வயதுக்கு வராத பிள்ளை நான் ஒருத்திதான்.

குலசாமி கோயில் வெள்ளகோவிலிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஒரே ஒரு அறை, முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் ஒரு கிணறு. பூசாரி வார நாட்களில் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். என்னைக் கிணற்றடியில் தலையோடு குளிக்க வைத்தார்கள். ஈரத் தலையோடு நின்ற என்னிடம் பூசாரி, "போயி ஒரு செவ்வரளியும் ஒரு வெள்ளரளியும் பறிச்சுட்டு வா அம்மணி" என்றார்.

செவ்வரளி ஒன்று பறித்தேன். வெள்ளரளி ஒன்று பறித்தேன். கை நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. இன்னொரு வெள்ளரளியையும் பறித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பூசாரி பூக்களை வாங்கி உள்ளே கொண்டுபோய், வாழை இலைத் துண்டில் வைத்து மடித்து, வாழைநாரால் கட்டினார். இரண்டையும் தட்டில் வைத்துச் சாமி காலடியில் வைத்துவிட்டு, எங்களைக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். அம்மாவுக்கு நடக்க முடியாததால் அப்பா அவள் தோளைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனார். பெரியப்பா முன்னால். நான் காலில் முள் குத்திவிட்டதாகச் சொல்லி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர்கள் மூலை திரும்பியதும் எழுந்தேன். பூசாரியைத் தவிர யாரும் தாண்டக் கூடாத நிலைப்படி அது. இல்லாத சாமிக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வலது காலை முன்வைத்துத்தான் தாண்டினேன். முதல் பொட்டலத்தை அவிழ்த்தேன். நல்லவேளை, செவ்வரளிதான். அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெள்ளரளியை வைத்து மடித்தேன். நாரைக் கட்டும்போது விரல் பின்னிக்கொண்டது. அதற்குள் பெரியப்பாவின் இருமல் இந்தப் பக்க மூலையில் கேட்டுவிட்டது. எப்படியோ கட்டிவிட்டு வெளியே வந்து, காலைத் தூக்கி முள் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டதில் எனக்கும் வால்வு சுருங்கிவிட்டதோ என்றிருந்தது.

பூசாரி குடத்தோடு வந்து உள்ளே போனார். தட்டைக் கையில் எடுத்தவர், அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பிறகு தட்டைக் குலுக்கி என் முன்னால் நீட்டினார். பெரியப்பா துண்டால் என் கண்ணைப் பொத்தினார். கைக்கு வந்ததை எடுத்தேன்.

வெள்ளை.

அப்பா அழுதேவிட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா என் தலையைத் தடவினாள். தப்பித்துவிட்டோம் என்று நான் மூச்சு விடுவதற்குள் பெரியப்பா, "அந்த இன்னொன்னையும் பிரிச்சுப் பாத்தரலாமுங்க பூசாரி" என்றார்.

இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. இரண்டிலும் ஒரே நிறப் பூவைக் கட்டிவிடவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக மற்றதையும் பிரிப்பார்களாம். தட்டில் கிடந்த அந்தப் பொட்டலத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். எனக்குக் கட்டத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சுதான். ஷூ லேஸ் முடிச்சு. வாழைநார் இரண்டு காது வைத்து, ஸ்கூலுக்குக் கிளம்பிய மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது.

பூசாரி அந்தக் காதுகளைப் பார்த்தார். செருப்பில்லாத என் காலைப் பார்த்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சாமியைப் பார்த்தபடி நாரை இழுத்தார். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

"செவப்புத்தானுங்க" என்றார்.

சொல்லிக்கொண்டே அதைக் காலடியில் கிடந்த பழைய பூக் குவியலுக்குள் அமுக்கிவிட்டார். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில், காங்கேயம் ரோட்டில், இடுப்பில் கசங்கியிருந்த செவ்வரளியைக் கார் ஜன்னல் வழியாக எறிந்தேன்.

அதன் பிறகு இருபது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமி இருந்தால் என்னை விட்டுவிட்டு அம்மாவைத்தான் பிடிக்கும். சாமி இல்லையென்றாலோ, அம்மாவை ஆபரேஷனுக்கு அனுப்பியது பூவும் இல்லை, டாக்டரும் இல்லை, நான்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே அகப்பட்டேன். பூசாரி எப்போது போன் செய்து சொல்லப்போகிறாரோ என்று, வீட்டில் மணி அடிக்கும்போதெல்லாம் பாத்ரூமுக்குள் ஓடினேன். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இல்லாத சாமியிடம் ஏழு மணி நேரம் கெஞ்சினேன். இனிமேல் திருநீற்றைத் துடைப்பதில்லை என்றுகூட வாக்குக் கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வாக்கை நான் ஒரு வாரம் காப்பாற்றினேன்.

டாக்டர் வெளியே நடமாடலாம் என்று சொன்னதும் பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனோம். உள்ளே பூஜை செய்துகொண்டிருந்தது பூசாரியின் தம்பி மகன். பூசாரி கொட்டகைக்கும் வெளியே, வெயிலில், சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. உடம்பு சரியில்லையா என்று அப்பா கேட்டார்.

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. நாப்பத்தெட்டு நாளைக்கு உள்ள போறதில்லைன்னு இருக்கறேனுங்க."

"வேண்டுதலுங்களா?"

"அப்பிடி வெச்சுக்கங்க."

உங்கள் கையால்தான் திருநீறு வாங்க வேண்டும் என்றாள் அம்மா. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ற கையில வேண்டாமுங்க. உள்ள பையன் இருக்கறான், அவங்கிட்ட வாங்கிக்கங்க."

எல்லோரும் கொட்டகைக்குள் போனதும் நான் மாட்டிக்கொண்டேன். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்ப அம்மாளுக்கு மூச்சு எளைக்குதா கண்ணு?"

"இல்லீங்க."

"அது போதும். போ, போயிச் சாமியக் கும்பிடு."

அவ்வளவுதான். காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் குஷியாகிவிட்டது. வேட்டி கட்டிய பெரியவர்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்ட கெட்டிக்காரி நான். பூசாரியும் உள்ளுக்குள் என்னைப் போல நம்பாதவர்தான், அதனால்தான் சாமி முன்னால் வாய் கூசாமல் பொய் சொன்னார் என்று முடிவு கட்டினேன். எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்த மாதிரிகூட இருந்தது.

நான் இன்றைக்கும் நம்புவதில்லை. ஆனால் இல்லாத சாமியை ஏமாற்ற எனக்கு ஒரு செலவும் ஆகவில்லை என்பது இப்போது தெரிகிறது. அவருக்குச் சாமி இருந்தது. தினமும் குளிப்பாட்டி, துணி உடுத்தி, விளக்கு வைத்த சாமி. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவர் "செவப்புத்தானுங்க" என்றார். அதற்கு அவரே தனக்குத் தண்டனையும் போட்டுக்கொண்டு, யாரிடமும் காரணம் சொல்லாமல், நாற்பத்தெட்டு நாள் வாசலுக்கு வெளியே நின்றார். அந்த வெயில் எனக்குரியது என்று, அன்று காரில் அம்மா மடியில் சாய்ந்து சர்க்கரைப் பொங்கலை விரலால் வழித்துத் தின்றுகொண்டு வந்த எனக்குத் தெரியவில்லை.