தேத்தண்ணி அடுப்பு

கனடாவில, ஸ்காபரோவில எங்களுக்கொரு சின்னச் சாப்பாட்டுக் கடை. முதலாளி நான். கடையில ஆகக் குறைய வேலை செய்யிறதும் நான்தான். சும்மா நிக்கிற ஆளுக்கு அட்வைஸ் சொல்லத்தானே வரும்? திங்கக்கிழமையில எல்லாரையும் கூப்பிட்டு, புதுசா ஏதும் செய்தாத்தான் கடை நிண்டுபிடிக்கும் எண்டு பேசுவன்.

அதை உண்மையெண்டு நம்பினது ஒராள்தான், எங்கட சமையல்காரி. மன்னார்ப் பக்கம், மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர். எங்கட சைவ ஆக்களின்ர வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கெண்டு யோசிச்சு பலாக்காய் ரோல்ஸ் செய்துகொண்டு வந்தா. நான் ஒண்டு சாப்பிட்டன். முடிவு சொல்ல இன்னொண்டும் தேவைப்பட்டுது. வாய் நிறையப் புகழ்ந்து, வாசல்ல போர்டும் எழுதி வைச்சன்.

அதோட என்ர உதவி முடிஞ்சுது. ரோல்ஸ் பொரிக்க இருந்தது ஒரேயொரு தாச்சி. முதல் வெள்ளியே ரூஜ் பக்கமிருந்து வந்த அன்ரி ஒராள் கேட்டா:

"தம்பி, உது ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரிச்ச எண்ணெயோ?"

வெள்ளிக்கிழமையும் அதுவுமாப் பொய் சொல்லேலுமே? அன்ரி பெட்டியைத் திருப்பி வைச்சிட்டு இடியப்பத்தோட போயிட்டா. பின்னேரத்துக்கிடையில கதை ஒஷாவா வரைக்கும் போயிருக்கும். அதுக்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி மிஞ்சின ரோல்ஸை வீட்டில நான்தான் சாப்பிட்டன். என்ர வயிறு மட்டும் வளர்ந்துது.

ஒருநாள் சமையல்காரி மெல்லமா வந்து சொன்னா, றிச்மண்ட் ஹில்லில ஒரு கேற்றரிங்காரர் கூப்பிடினமாம், தனக்கெண்டு ஒரு அடுப்புத் தருவினமாம், அடுத்த மாசம் போகப்போறாவாம். அவ போனா கடையில சமைக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை. நான் பதறிப்போய், ஒரு மீற்றிங் வைச்சுக் கதைப்பம் எண்டன்.

காசு மேசையில நிண்ட என்ர மனிசி கேட்டா, "மீற்றிங்கில என்னத்தைக் குடுக்கப் போறியள்?"

குடுக்க எங்க இருக்கு, நாலு அடுப்புத்தானே எண்டு நான் கணக்குக் காட்டினன். ஒண்டில சோறு, ஒண்டில கறி, ஒண்டில ரோல்ஸ் எண்ணெய்.

"நாலாவது?"

நாலாவதில காலமை துவங்கிப் பூட்டுமட்டும் என்ர தேத்தண்ணிக் கேத்தில். முதலாளியின்ர கேத்தில் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான் வாயால சொன்ன திட்டம் ஒண்டு, அடுப்பில ஏத்தி வைச்ச திட்டம் வேறை. இந்தக் கடையின்ர எதிர்காலம் தேத்தண்ணிதான் எண்டு அடுப்பு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு.

அடுத்த வெள்ளி அந்த அடுப்பில புதுத் தாச்சி, புது எண்ணெய். அதே அன்ரி குசினி வாசலில நிண்டு எட்டிப் பாத்திட்டுத்தான் வாங்கினா. மத்தியானமே தட்டு வெறுமை.

பயந்து பயந்து சமையல்காரியிட்டக் கேட்டன், றிச்மண்ட் ஹில்காரருக்கு என்ன சொன்னனீங்கள் எண்டு.

"எனக்கு இஞ்சை ஒரு அடுப்பு இருக்கெண்டு சொல்லிப்போட்டன், அண்ணை."

நான் இப்ப மைக்ரோவேவில தேத்தண்ணி வைக்கிறன். வாயில வைக்கேலாது. ஆனா குடிக்கிறன்.