செபஸ்தியம்மாள் கேட்க மறுத்த சேதி

செபஸ்தியம்மாள் ஆட்களைக் காலை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். சிதம்பரம் மார்க்கெட்டில் சாக்கை விரித்து, மீன்கூடையை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்திருப்பவளுக்கு முதலில் தெரிவது கால்கள்தானே. வாத்தியார் கால், போலீஸ்காரர் கால், விலையை மட்டும் கேட்டுவிட்டு நகர்கிற கால் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் கூடையோடு வருகிறவள். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. ஆனால் எடையில் ஒருநாளும் கை வைத்ததில்லை.

மாதத்துக்கு ஒருமுறை, இடது பாதத்தை இழுத்து இழுத்து ஒரு கால் வந்து கூடைக்கு முன்னால் நிற்கும்.

"அம்மா, ரெண்டு நிமிஷம் பேசணும்."

"சங்கரா வித்துப்போச்சு" என்பாள், கூடை நிறையச் சங்கரா கிடக்கும்போதே.

"மீனுக்கு வரலம்மா. ராஜ்கமல் கடைசியா ஒண்ணு சொன்னாரு. அத உங்ககிட்ட..."

"எம்மவன் பேர உன் வாயால சொல்லாத. போயிடு."

தலையை நிமிர்த்தவே மாட்டாள். கால் வந்த வழியே இழுத்துக்கொண்டு போகும்.

அந்தக் கால் பரங்கிப்பேட்டை இம்தியாஸுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மழையில், வெள்ளாற்றுத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. போகாதே போகாதே என்று அத்தனை பேர் கத்தியும் பைக்கை உள்ளே விட்ட புண்ணியவான் அவன். பாதிப் பாலத்தில் பைக் ஆற்றோடு போயிற்று. அவன் ஓரத்துக் கல்லைக் கட்டிக்கொண்டு தொங்கினான், கால் கல்லிடுக்கில் நசுங்கியது. கரையில் மீன்வண்டியை நிறுத்தியிருந்த ராஜ்கமல், லோடு கட்டும் கயிற்றின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு இறங்கினான். கரையிலிருந்தவர்கள் கயிற்றை இழுத்தபோது வந்து சேர்ந்தது இம்தியாஸ். ராஜ்கமலின் உடல் மறுநாள்தான் கிடைத்தது.

கொட்டுகிற மழையில் நடந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். உயிர்ப் பயத்தில் இம்தியாஸ் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான் என்று அவள் குடியிருந்த மீன்காரத் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. பெற்றவள் அதை அப்படியே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, மகனைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்தவள் அவள். மீன்காரத் தெருவில் பிறந்து நீச்சல் தெரியாத ஒரே ஆம்பளை என்று கூட்டாளிகள் அவனைக் கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடிப்பான்.

முதுநகர்ப் பங்குக் கோயிலில் ராஜ்கமலின் படத்தைப் போட்டு 'மகிமையின் பலி' என்று ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். செபஸ்தியம்மாளுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "மகிமையாம் மகிமை. எவனோ கயித்தப் புடுங்குனான், எம்புள்ள செத்தான். இதுல எங்கேருந்து வந்துச்சு மகிமை?" என்று பங்குச் சாமியாரின் முகத்துக்கு நேராகவே கேட்டாள். 

இந்த வருடம் தவக்காலமும் ரமலான் நோன்பும் ஒன்றாக வந்தன. புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமைப் பூசையில், யூதாஸ் எழுந்து இருட்டுக்குள் போகிற பகுதியை வாசித்தார்கள். அவன் போன உடனேதான் இயேசு, இப்போது தாம் மாட்சி பெற்றதாகச் சொல்கிறார். செபஸ்தியம்மாளுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தே விட்டுவிட்டு, அதையா மாட்சி என்பது? பூசை முடிந்ததும் சாமியாரை மறித்தாள்.

"சாமி, வியாழக்கிழமை காலு கழுவுறோமே. அன்னைக்கு இயேசு யூதாஸ் காலையும் கழுவுனாரா?"

"கழுவினார்மா. அவனும் அந்தப் பன்னிரண்டு சீடர்கள்ல ஒருத்தன்தானே."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் வீட்டுக்குப் போனாள்.

பெரிய வியாழனன்று கால் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்வது அந்தப் பங்கில் பெரிய கௌரவம். பங்குப் பேரவைத் தலைவர் லூர்துசாமி, இந்தத் தடவை தியாகியின் தாய்க்கு ஓர் இடம் என்று அறிவித்துவிட்டார். மறுத்தால் திமிர் என்பார்கள். சரி என்றாள். இந்தச் சடங்கில் ஒரு வேடிக்கை உண்டு. சாமியார் தொடப்போகிற காலாயிற்றே என்று, பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே கல்லில் தேய்த்து, சோப்புப் போட்டு, பவுடர்கூடப் பூசிக்கொண்டு வந்து உட்காருவார்கள். சாமியார் ஒரு சொட்டு ஊற்றித் துடைப்பார். தட்டில் விழும் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். செபஸ்தியம்மாளும் மீன் வாடை போகப் புளி போட்டுத் தேய்த்துத்தான் வந்தாள்.

சாயங்காலப் பூசை. சாமியார் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு வந்தார். தலை குனிந்திருந்தவளின் பார்வை பக்கவாசலுக்குப் போனது. மார்க்கெட்டில் விரட்டியும் விடாமல், அந்தக் கால் இங்கேயும் வந்து வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து இழுத்துக்கொண்டே நடந்ததில், பாதத்தின் மேல்பக்கம் முழுக்கப் புழுதி. சாமியார் அவள் முன்னால் மண்டியிட்டார். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் சாமி. இது கழுவுன காலு."

அவர் கையிலிருந்த செம்பையும் துண்டையும் வாங்கிக்கொண்டு எழுந்தாள். கோயிலே பார்த்தது. லூர்துசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், சாமியார் கையமர்த்தினார். அவள் பக்கவாசலுக்குப் போனது பக்தியிலா என்றால், இல்லை. நெஞ்சு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. இயேசுவால் முடிந்தது நம்மால் முடிகிறதா பார்த்துவிடுவோம் என்ற வீம்பு.

"உக்காரு" என்றாள்.

"அம்மா, நோன்பு வச்சிருக்கேன்..."

"கால்ல ஊத்துற தண்ணியில நோன்பு முறியாது. உக்காரு."

படியில் உட்கார்ந்தான். நசுங்கி வளைந்த பாதத்தைக் கையில் எடுத்து ஊற்றினாள். செம்மண் தண்ணீர் படியில் வழிந்தது. விரலிடுக்கு வரைக்கும் தேய்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். தெருக்கோடிப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற நேரத்துப் பாங்கு சொன்னார்கள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவன் கையில் ஊற்றினாள், அவன் குடித்தான். அப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தை முதல்முறையாகப் பார்த்தாள். தன் மகன் வயதுதான்.

"சொல்லு. என்னா சொன்னான்?"

"கயித்த அவுத்து என் இடுப்புல கட்டுனாரும்மா. எனக்கு மட்டும் வேணாம்னேன். 'பாய், நீங்க மொதல்ல போங்க, எனக்கு நல்லா நீச்சல் தெரியும், பின்னாலயே வந்துடுவேன்'னாரு. அத நம்பித்தான் வந்தேன். இல்லன்னா வந்திருக்க மாட்டேன், அல்லா மேல சத்தியமா." குரல் உடைந்தது. "அவருக்கு நீச்சல் தெரியும்தானேம்மா?"

 யாரும் எதையும் பிடுங்கவில்லை. மகனே அவிழ்த்துக் கொடுத்திருக்கிறான். தெரிந்தே கொடுத்திருக்கிறான். இந்த மடையன் தயங்கக் கூடாது என்பதற்காக ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். செபஸ்தியம்மாளுக்குத் துக்கத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் எழுந்தது.

அவன் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் துண்டால் அவன் பாதத்தைத் துடைத்துவிட்டாள்.

"தெரியும்ப்பா" என்றாள். "மீன் மாதிரி நீந்துவான். அன்னைக்கு ஆத்துல வேகம் ஜாஸ்தி, அதான்."