அறுபத்தொரு சிவப்பு வரிகள்

செவ்வாய்ப்பேட்டையில் குடியிருக்கும் தஸ்னீம், மூன்று ஆண்டுகளாக நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போய்வந்து ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கோழிப்பண்ணைகளுக்கான செயலி ஒன்றை அங்கே செய்கிறார்கள். குஞ்சுகளின் வயதையும் எண்ணிக்கையையும் தட்டினால், தண்ணீரில் எத்தனை மில்லி மருந்து கலக்க வேண்டும் என்று அது சொல்லும். அந்தக் கணக்கைத் தானாகச் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் சோதனைகள் நூற்று நாற்பதையும் எழுதியவள் அவள்தான். இரண்டு வருடமாக அத்தனையும் பச்சை, அதாவது கணக்கு சரி.

சோதனைகளை ஓட்டும் பழைய கருவி கனமானது. ஒரு தடவை ஓட ஏழு நிமிடம் பிடிக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதை எடுத்துவிட்டு, இலேசான வேறொன்றைப் போட்டாள். நான்கு விநாடியில் முடிந்தது. ஆனால் திரையில் அறுபத்தொரு வரிகள் சிவப்பாக நின்றன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: இந்தச் சோதனை எதையும் சரிபார்க்கவில்லை.

புதுக் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தாள். ஒரு சோதனையைத் திறந்து படித்ததும் தவறு தன்னுடையது என்று தெரிந்தது. செயலியின் விடை வரும்வரை காத்திருக்கும்படி சோதனையில் எழுத அவள் மறந்திருந்தாள். விடை வருமுன்பே சோதனை முடிந்து, பழைய கருவி பச்சை காட்டியிருக்கிறது. அதையே அறுபத்தொரு இடத்தில் நகலெடுத்து ஒட்டியிருந்தாள்.

திருத்தி மறுபடி ஓட்டினாள். அறுபது பச்சையாகின. ஒன்று மட்டும் சிவப்பு. ஒரு வாரம்கூட ஆகாத குஞ்சுகளுக்கு, வளர்ந்த கோழிக்கான அளவைச் செயலி சொல்லிக்கொண்டிருந்தது.

"சார், ஆப்பை உடனே நிறுத்துங்க!" என்று எழுந்துவிட்டாள். உரிமையாளர் அறிவு திரையைப் பார்த்தார். உடனே நிறுத்தினார்.

செயலியின் பதிவுப்படி, அன்று காலை குஞ்சுகளுக்கு அளவு பார்த்திருந்தது பரமத்தி வேலூர்ப் பண்ணைக்காரர் சின்னண்ணன் ஒருவர்தான். அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, மருந்து கலந்துட்டீங்களா?"

"இல்லீங்க, மத்தியானந்தான் கலக்கோணும். ஏனுங்க?"

"கலக்காதீங்கண்ணா. எங்க ஆப் குஞ்சுக்கு அளவு அதிகமா சொல்லுது. நான்தான் சரியா பாக்கல."



"போன மாசமும் இதப் பாத்துத்தான் கலந்தேன், நானூறு குஞ்சு போச்சுங்க. நான் வெயிலுன்னு நெனச்சேன்."

போனை வைத்ததும் தஸ்னீம் அதை அறிவிடம் சொன்னாள்.

மாலையில் அறிவும் அவளும் ஒரு கால்நடை மருத்துவரோடு பண்ணைக்குப் போனார்கள். செத்தவற்றைப் புதைத்து வெகுநாளாகிவிட்டது; காரணம் மருந்தா வெயிலா என்று இனிச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

"மறைக்காம சொன்னீங்க, அதுக்குச் சந்தோசமுங்க. ஆனா இது எனக்கு வேண்டாம்" என்று சின்னண்ணன் அவள் கண்ணெதிரே செயலியை அழித்தார்.

இப்போதெல்லாம் தஸ்னீம் ஒரு சோதனை எழுதினால், முதலில் கணக்கை வேண்டுமென்றே கெடுத்து ஓட்டுகிறாள். சோதனை அந்தப் பிழையைப் பிடித்துச் சிவப்பு காட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறாள்.