இடம் மாறிய பொத்தான்களும் முருகேசனின் படமும்

முருகேசன் போய்விட்டான். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டர் ரிப்பேரும் வைத்திருந்தானே, அவன்தான். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றானாம்... ஆஸ்பத்திரி போகுமுன்பே முடிந்துவிட்டது.

எட்டு மாதமாக நான் அவனோடு பேசவில்லை.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. பேரப்பிள்ளைகளின் போட்டோக்களை நான் பார்க்க அவன்தான் ஒரு பழைய கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தான். எங்கே அமுக்க வேண்டும் என்று திரையின் ஓரத்தில் என் ஸ்டிக்கர் பொட்டையே ஒட்டினான். சிவப்புக்கு நேரே அமுக்கினால் திறக்கும். பச்சைக்கு நேரே படங்கள்.

"பொட்டு வச்ச கம்ப்யூட்டர் பம்பாயிலயே உங்க வீட்லதான் ஆச்சி" என்பான்.

மழைக்கு முன்னால் ஒருநாள் வந்து சர்வீஸ் செய்துவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. மூலையில் இருந்தது நடுவில். பொட்டுக்கு நேரே ஒன்றுமே இல்லை...

நேரே கடைக்குப் போனேன்.

"ஏல, என்னத்தல செஞ்ச?"

"நான் ஒண்ணும் மாத்தல ஆச்சி. அப்டேட்னு வரும், கம்பெனிக்காரன் மாத்துவான். வாரேன், பொட்டை மாத்தி ஒட்டித் தாரேன்."

"கம்பெனிக்காரன் எப்பம்ல என் வீட்டுக்குள்ள வந்தான்? உன் கை பட்ட பொறவுதான எல்லாம் மாறிச்சு?"

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதை நான் மறக்கவில்லை. பிறகு இரண்டு தடவை வாசலில் வந்து கூப்பிட்டான். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இன்று அவன் பெண்டாட்டி போன் செய்தாள். "ஆச்சி, அஞ்சலி பேனர் அடிக்கணும். போன்ல இருக்கதெல்லாம் பாதி மூஞ்சிதான். உங்க பேத்தி காதுகுத்துல எடுத்த படம் இருக்குமே..."

இருக்கிறது. நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில் பாயசம், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். எனக்கு அப்படியே தெரிகிறது. கம்ப்யூட்டரில் எங்கே என்றுதான் தெரியவில்லை. எதையோ அமுக்குகிறேன், எதுவோ திறக்கிறது. மழை வருமா என்று காட்டும் மேகப் படம் வருகிறது, எவளோ நடிகை வருகிறாள்... அவன் வரமாட்டேன் என்கிறான்.

மூன்று மணிக்குள் பேனர் கடைக்குப் படம் போக வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர்கள் யாராவது உடனே என் வீட்டுக்கு வாருங்கள்.

முருகேசா... நீதான் மாற்றினாயா, இல்லையா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போய் வா ஐயா.